நிவேதா கேட்ட இரண்டு அட்டைகள்

பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் அன்வர் போன மாதம் வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். பின்னணியில் பிள்ளைகளின் இரைச்சல்.

“அண்ணே, அந்தப் பழைய விளக்குப் பெட்டிய வெளிய எடுத்துட்டோம். ஆண்டு விழாவுல போட்டுக் காட்டணுமாம். ஸ்லைடு மாட்டுனா படம் தலைகீழா வருது. திருப்பி மாட்டுனா எழுத்து கண்ணாடியில பாத்த மாதிரி வருது. என்னதாண்ணே பண்ணணும்?”

செய்தியின் கடைசியில் இன்னொரு கேள்வி இருந்தது. “இவ்வளவு நல்ல பொருள வெச்சுக்கிட்டு நீங்க ஏண்ணே அத்தன வருஷம் தொடவே இல்ல? இங்க எல்லாரும் கேக்குறாங்க.”

முதல் கேள்விக்கு அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேன். இரண்டாவதற்கு வாயால் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நான் கூச்ச சுபாவம் உள்ளவன். இரண்டு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தாலே சொல்ல வந்தது மறந்துபோகும். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. அன்வரைத் தவிர இதில் வருகிற யாரும் இப்போது குவைத்தில் இல்லை. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

எனக்குப் பெரம்பலூர் பக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. துப்புரவுக் கம்பெனி ஒன்றின் ஒப்பந்தத்தில் குவைத்துக்குப் போய், அங்கே அப்பாசியா பகுதியில் உள்ள ஓர் இந்தியப் பள்ளியில் தரை துடைத்தேன். பிறகு பள்ளி நிர்வாகமே என்னைத் தன் விசாவுக்கு மாற்றிக்கொண்டது. காலையிலும் மதியமும் பள்ளிப் பேருந்தில் உதவியாளர் வேலை. இடைப்பட்ட நேரத்தில் ஒலிபெருக்கி, புரொஜக்டர், திரை வைத்திருக்கும் அறைக்குப் பொறுப்பு. அந்த அறையில்தான் மேஜிக் லாந்தர் இருந்தது.

சினிமா வருவதற்கு முன்னால், விக்டோரியா ராணி காலத்தில், இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளை இருட்டில் உட்காரவைத்துச் சுவரில் படம் காட்டிய பெட்டி அது. தகரத்தில் செய்த உடம்பு, பித்தளைக் குழாயில் லென்ஸ், மேலே புகை போக ஒரு சிம்னி. உள்ளே எண்ணெய் விளக்கு எரிந்த இடத்தில் இப்போது பல்பு. எங்கள் துணை முதல்வர் எஸ்தர் மேடம் அதைப் பாளையங்கோட்டையிலிருந்து விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். அவருடைய அப்பா வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடத்தில் பழைய சாமான்களோடு தூக்கிப் போட இருந்ததை அவர் கேட்டு வாங்கியிருக்கிறார்.

ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் விக்டோரியா காலத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடம் வரும் வாரத்தில் மேடம் ஒரு நாள் ஹாலை அந்தக் காலத்துப் பள்ளிக்கூடமாக மாற்றிவிடுவார். கறுப்புச் சேலையும் கழுத்துவரை மூடிய வெள்ளை ரவிக்கையும் அணிந்து வருவார். பையன்கள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். வாசலில் நிற்கவைத்து நகம் பார்ப்பார். சிலேட்டில் எழுதவைப்பார். இதெல்லாம் முடிந்ததும் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி இறங்கும். அப்புறம் என் வேலை.

முதல் வருடம் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஸ்லைடு என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரக் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் படம் இருக்கும். ஓரம் முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். லென்ஸ் படத்தைக் கவிழ்த்துக் காட்டும் என்பதால் ஸ்லைடைத் தலைகீழாக மாட்ட வேண்டும். இடவலம் மாறாமலிருக்க ஒரு மூலையில் வெள்ளைப் பொட்டு வைத்திருப்பார்கள். ஸ்லைடைத் தலைகீழாகப் பிடிக்கும்போது அந்தப் பொட்டு வலது கட்டைவிரலுக்கு அடியில் வந்தால் சரி. இருட்டில் பொட்டு தெரியாது. விரலால் தடவிப் பழக வேண்டும். ஓடுகிற மரச்சட்டத்தில் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்லைடுகள் இருக்கும். ஒன்று சுவரில் தெரியும்போது மற்றதை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். சட்டத்தைத் தள்ளும்போது சத்தம் வரக் கூடாது.

மேடம் ஒருபோதும் “அடுத்தது” என்று சொல்ல மாட்டார். கையில் மரத்தாலான அடிக்கோல் இருக்கும். அதால் மேடைப் பலகையில் ஒரு தட்டு தட்டினால் அடுத்த படம். இரண்டு தட்டினால் படம் தெளிவாக இல்லை, லென்ஸைத் திருக வேண்டும். கதையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே தட்டுவார்.

அந்த முதல் வருடம், பிள்ளைகளைச் சிரிக்கவைக்க இருந்த கோமாளி வாத்தியார் படத்தை நான் நேராகவே மாட்டிவிட்டேன். சுவரில் வாத்தியார் தலைகீழாகத் தொங்கினார். பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். காட்சி முடிந்ததும் மேடம் கேட்டார்.

“என்ன ஆச்சு, கலியமூர்த்தி?”

“ஸ்லைடே அப்படித்தான் மேடம் இருக்கு” என்றேன்.

அவர் அந்த ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொட்டு என் கண்ணுக்கே தெரிந்தது.

“பொய் சொல்லுத நேரத்துல ஸ்லைடைத் திருப்பியிருக்கலாம்லா?” என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால்தான் பாளையங்கோட்டைப் பேச்சு வெளியே வரும்.

அவர் எதையும் மன்னிப்பார், பொய்யைத் தவிர. வேதியியல் கூடத்தில் விலை உயர்ந்த தராசைப் போட்டு உடைத்த பையன் நேராக அவரிடம் வந்து சொன்னான் என்பதற்காக அவனுக்கு ஒரு தண்டனையும் கொடுக்கவில்லை. அதே வாரம், வராத காய்ச்சலுக்கு லீவு போட்ட ஓர் ஆசிரியரை எல்லார் முன்னாலும் எழுப்பி, “காய்ச்சல் எப்படி இருக்கு சார்?” என்று மட்டும் கேட்டார். அந்த மனுஷன் வருடம் முடியும்வரை ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கவில்லை. ஒருமுறை கேள்வித்தாளில் தானே செய்த தவறைப் பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். அந்த மைக்கை நீட்டியவன் நான்.

காட்சியில் கடைசியாக வருவது ஒரு குடிகாரத் தச்சனின் கதை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கு இந்த மாதிரிக் கதைகளைத்தான் அதிகம் காட்டுவார்களாம். நிஜ மனிதர்களை வேஷம் போட்டு நிற்கவைத்து எடுத்த போட்டோக்கள், அதன்மேல் கையால் வண்ணம். தச்சன் வேலை செய்கிறான். பிறகு குடிக்கிறான். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ஏழாவது ஸ்லைடில் அவனுடைய மகள் பனியில் வெறுங்காலோடு சாராயக்கடை வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிடுகிறாள். கடைசியில் அவன் திருந்தி, இனிக் குடிக்க மாட்டேன் என்று ஓர் அட்டையில் கையெழுத்துப் போடுகிறான். படம் முடிந்ததும் பார்த்த பிள்ளைகளும் வரிசையில் வந்து அதே மாதிரி அட்டையில் கையெழுத்துப் போடுவது அந்தக் காலத்து வழக்கம். மேடம் அதையும் விடவில்லை. ஓவிய வகுப்பில் இலைக்கொடி வரைந்த அட்டைகளைத் தயார் செய்துவைப்பார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. “இந்த ஊருக்குப் பொருத்தமான கதை” என்று முதல்வருக்கும் பிடித்துப்போயிற்று. குவைத்தில் மதுவுக்கு முழுத் தடை.

மேடம் சொல்லும் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் படத்துக்கு ஆங்கிலம் எதற்கு? ஏழாவது ஸ்லைடு சுவரில் இருக்கும்போது நான் சுவரைப் பார்க்க மாட்டேன். எட்டாவதைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பேன். அது ஏற்கனவே துடைத்ததுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். என் பக்கத்து ஊர்க்காரன் ராஜமாணிக்கம், ஏசி மெக்கானிக், எங்கள் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடும்பத்தோடு இருந்தான். தண்ணீர் கேனில் திராட்சை ரசமும் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு, குளியலறையில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்துப் புளிக்கவைப்பான். வெளியே கொடுக்க மாட்டான். ஊர்க்காரர்கள் மூன்று நான்கு பேர், வியாழக்கிழமை சாயங்காலம், மறுநாள் விடுமுறை என்பதால். அவன் மனைவி செல்வி மீன்குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். அளவாகத்தான் குடிப்போம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். பிடிபட்டால் ஜெயில், அப்புறம் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், திரும்ப அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. இது தெரிந்துதான் போனோம்.

கதவைத் திறந்துவிடுவது அவர்களுடைய மகள் நிவேதா. “அப்பா, கலி அங்கிள் வந்தாச்சு!” என்று உள்ளே பார்த்துக் கத்துவாள். காலையில் என் பேருந்தில் வருகிறவளும் அவள்தான். முன் சீட்டில் ஜன்னலோரம் அவளுக்கு ஓர் இடம் வைத்திருப்பேன். பேருந்தில் வேறு பிள்ளை ஏதாவது என்னிடம் முரண்டு பிடித்தால், “அங்கிள் எங்க ஃபேமிலி ஃப்ரெண்ட்” என்று அதட்டுவாள்.

அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடமும் காட்சி நடந்தது. அன்று வியாழக்கிழமை. வெளியே தூசிக்காற்று. எவ்வளவு மூடினாலும் ஹாலுக்குள் தூசி வந்துவிட்டது. லாந்தரிலிருந்து சுவர்வரை வெளிச்சம் ஒரு கம்பம்போல நின்றது. பிள்ளைகள் அதைக் கையால் பிடிக்கப் பார்த்தார்கள். ஸ்லைடின் கம்பியை நான் இழுக்க, சுவரில் கோமாளி வாத்தியாரின் பொய்முடி பறந்தது. கைப்பிடியைத் திருக, வண்ணச் சக்கரம் போட்ட ஸ்லைடு சுற்றியது. பிறகு தச்சன் வந்தான். மேடத்தின் தட்டுக்கு நான் ஒன்றுகூடப் பிந்தவில்லை. என் வாழ்க்கையில் நான் ஓட்டியவற்றில் நல்ல காட்சி அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளக்குகளைப் போட்டார்கள். லாந்தர் மேஜைக்குப் பக்கத்திலேயே அட்டைகள் வைத்த மேஜை. பிள்ளைகள் வரிசையில் வந்து பெயர் எழுதிவிட்டு ஓடினார்கள். ஒரு பையன், “மேடம், பெப்சி குடிக்கலாமா?” என்று கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். நிவேதா தன் அட்டையில் நிறுத்தி நிதானமாகப் பெயர் எழுதினாள். பிறகு நகராமல் நின்றாள்.

“மேடம், எனக்கு இன்னும் ரெண்டு கார்டு வேணும்.”

ஆங்கிலத்தில்தான் கேட்டாள். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் தமிழில் பேசுவது குறைவு.

“எதுக்கும்மா ரெண்டு?”

“ஒண்ணு எங்க அப்பாவுக்கு. ஒண்ணு கலி அங்கிளுக்கு. தேர்ஸ்டே எங்க வீட்டுல குடிப்பாங்க. அப்பா பாத்ரூம்ல செய்வாங்க.”

கோள் சொல்லும் குரல் இல்லை அது. கையெழுத்துப் போட்டதும் தச்சன் திருந்திவிட்டானே! அதைப் பார்த்துவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஓர் அட்டை வாங்க வந்திருந்தாள். எனக்குப் பேனாவைக்கூட நீட்டினாள்.

கடைசி வரிசையில் அரபுப் பாட ஆசிரியர் மஹ்மூத் சார் உட்கார்ந்திருந்தார். எகிப்துக்காரர், நல்ல மனுஷன். அவருடைய பீரியடை எடுத்துக்கொண்டுதான் மேடம் காட்சி நடத்தினார் என்பதால் வகுப்போடு வந்திருந்தார். அவர் எழுந்து முன்னால் வந்தார். சிரிக்கவில்லை. சட்டத்துக்கு விரோதமாக ஒன்றைக் கேட்டுவிட்டு மேலே சொல்லாமல் இருந்தால் அவர் வேலைக்கும் ஆபத்து.

“இந்தப் பிள்ளை என்ன சொல்கிறாள்?” என்று மேடத்திடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

பல்பின் சூட்டில் லாந்தர் டிக் டிக் என்று சத்தம் போடுவது மட்டும் கேட்டது. என் வேலையைவிட, என் விசாவைவிட, செல்வியின் முகம்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது என்று எழுத ஆசை. அப்படி வரவில்லை. மேடத்தின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

மேடம் என்னைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை. அப்புறம் மஹ்மூத் சார் பக்கம் திரும்பினார்.

“கஷாயம் சார். மூலிகைத் தண்ணீர். இவருக்கு அஜீரணம். இவள் அம்மா ஊர் வைத்தியம் தெரிந்தவர். வாரம் ஒருமுறை போய் வாங்கிக் குடிக்கச் சொல்லி நான்தான் அனுப்புகிறேன். பிள்ளை படத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டாள்.”

ஒரு சொல் தடுமாறவில்லை.

“இல்ல மேடம், அது…” என்று நிவேதா ஆரம்பித்தாள்.

“போய் உட்காரு, நிவேதா.”

அவள் மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள். எதிர்த்துப் பார்க்கிற பார்வை இல்லை. கணக்கில் விடை தப்பாக வந்துவிட்டால் பிள்ளைகள் மறுபடி கூட்டிப் பார்ப்பார்களே, அப்படி. பிறகு பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மஹ்மூத் சார், “அப்படியா” என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை.

பிள்ளைகள் போன பிறகு மேடம் ஹாலிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

“சாயங்காலத்துக்குள்ள அந்த வீட்டுல ஒண்ணும் இருக்கக் கூடாது” என்றார். “சொல்லிருங்க.”

“சரிங்க மேடம். மேடம், என்னை மன்னிச்சு…”

“என்கிட்ட எதுக்குக் கேக்கிய?” என்றார். “நான் இப்ப யாரை மன்னிக்கிறது?”

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிமிர்ந்திருப்பேன். அந்தக் கறுப்புச் சேலையோடு, அடிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் படம் தெரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு காலம் பிள்ளைகள் முன்னால் பொய் பேசாமல் இருந்தவர், அன்று ஒரு ஹால் பிள்ளைகள் முன்னால் பேசினார். யாருக்காக என்று பார்த்தால், வியாழக்கிழமை ஒரு டம்ளருக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு போன எனக்காக.

ராஜமாணிக்கத்தின் வீட்டுக்குப் போனபோது நிவேதா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அன்று கதவைத் திறந்தது செல்வி. விஷயத்தைச் சொன்னேன். ராஜமாணிக்கம் குளியலறைக்கு ஓடி, கேனைக் கவிழ்த்தான். வீடு முழுக்கப் புளித்த வாடை. ஜன்னலைத் திறக்கப் போனவன் வெளியே ஆள் இருப்பார்களே என்று திரும்பவும் சாத்தினான். பிறகு ஈரக் கையோடு பிள்ளையை அடிக்க வந்தான்.

“கார்டு கேட்டாளாம் கார்டு! அப்பன ஜெயிலுக்கு அனுப்ப கார்டு!”

செல்வி நடுவில் வந்து நின்றது.

“கை வெச்சுப் பாரு. அவ கேட்டதுல என்ன தப்பு? கல்யாணமான நாளா நானும்தான் கேக்குறேன், கார்டு இல்லாம. எனக்கு என்ன செஞ்ச நீ?”

“இவன் ஒருத்தன் வேலைக்குப் போற எடத்துல…” என்று ராஜமாணிக்கம் என் பக்கம் திரும்பினான்.

“அந்தண்ணனையும் சேத்துத்தான் சொல்றேன்” என்றது செல்வி. “வாரா வாரம் குழம்பு நல்லா இருக்கு தங்கச்சின்னு சொல்வீங்களே அண்ணே, ஒரு நாளாவது இந்தப் புள்ள எங்க ஒக்காந்து படிக்கும்னு பாத்தீங்களா?”

பார்த்ததில்லை. குளியலறைக் கதவுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஓர் அட்டைப்பெட்டிதான் அவளுடைய மேஜை. நாங்கள் எழுந்து போகும்போதெல்லாம் அவள் காலை மடக்கிக்கொண்டு வழி விடுவாள். அன்றைக்கும் நான் வெளியே போகக் காலை மடக்கினாள்.

பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜமாணிக்கம் சில மாதம் சும்மா இருந்தான், அப்புறம் மறுபடி ஆரம்பித்தான் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. அது என் நல்ல குணம் இல்லை. அந்த வாடை மூக்கில் ஏறினாலே ஹாலும் மேடமும் வந்து நிற்பார்கள், அவ்வளவுதான். மேடம் அதன்பிறகு லாந்தரை எடுக்கச் சொல்லவே இல்லை. அந்தப் பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்து நடத்தினார். ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது லாந்தரைக் கேட்பார் என்று துடைத்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த ஆசிரியர்கள் கேட்டபோது, பல்பு கிடைப்பதில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். பல்பு துபாயிலிருந்தோ ஊரிலிருந்தோ எங்கிருந்து வேண்டுமானாலும் வரவழைத்திருக்கலாம். அன்வர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுவரைதான். ஆனால் இதோடு நிறுத்தினால் பழியெல்லாம் மேடத்தின்மேல் போய் நிற்கும். மிச்சத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

காட்சி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அங்கே அதுதான் வாரத்தின் முதல் நாள், நிவேதா பேருந்தில் ஏறினாள். ஜன்னலோர இடத்தில் உட்காராமல் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின்னால் பையன்கள் கிரிக்கெட் பேசிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“அங்கிள், மேடம் பொய்தானே சொன்னாங்க?”

தமிழில் கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கண்ணால் பார்த்ததையே அவள் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

“ஆமாம்மா.”

“உங்களுக்காகவா?”

“எனக்காகத்தான். உங்க அப்பாவுக்காகவும்.”

கொஞ்ச நேரம் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

“நான் கார்டு கேட்டதால அப்பாவ ப்ளேன்ல அனுப்பிடுவாங்களா? அப்பா அப்படித்தான் சொல்றாங்க.”

“மாட்டாங்க. யாராவது உன்னைக் கூப்பிட்டுக் கேட்டா, மேடம் சொன்ன மாதிரியே சொல்லிடு. சொல்லிட்டா ஒண்ணும் ஆகாது.”

“அப்போ நானும் பொய் சொல்லணும்.”

இதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. ஆனாலும் நான் பதில் சொன்னேன்.

“இது ஒண்ணு மட்டும்மா.”

அவள் தலையாட்டினாள். வண்டி ரவுண்டானாவைச் சுற்றிப் பள்ளித் தெருவுக்குள் திரும்பியது. திடீரென்று கவலையோடு நிமிர்ந்தாள்.

“கஷாயம் எப்படி இருக்கும் அங்கிள்? நான் பார்த்ததே இல்லையே. கலர் கேட்டா?”

பழுப்பாக இருக்கும் என்றேன். சீரகம், மிளகு, சுக்கு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டுவார்கள் என்றேன். சூடாகக் குடிக்க வேண்டும், தொண்டை எரியும், அஜீரணத்துக்கு நல்லது என்றேன். சுக்கு என்றால் என்ன என்று கேட்டாள். காய்ந்த இஞ்சி என்றேன். அவள் வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பேருந்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், வாந்தி வந்தால் பையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதே பொறுமையோடுதான் இதையும் கற்றுக்கொடுத்தேன். வண்டி நின்று, கதவைத் திறந்து, அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

மறுநாள் மூன்றாம் பீரியடில் முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். முதல்வர், எஸ்தர் மேடம், மஹ்மூத் சார். நான் சுவரோரம் நின்றேன். நிவேதாவை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். கால் தரையைத் தொடவில்லை.

மஹ்மூத் சார் அவளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். மிரட்டவே இல்லை. “பயப்படாதே. இந்த அங்கிள் உங்கள் வீட்டில் என்ன குடிப்பார், எனக்குச் சொல்” என்று மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார். உண்மையைச் சொல்லும்படி ஒரு பிள்ளையிடம் அதைவிட அன்பாக யாரும் கேட்க முடியாது.

“கஷாயம் சார்” என்றாள் நிவேதா. “எங்க அம்மா செய்வாங்க. சீரகம், பெப்பர், அப்புறம் காய்ஞ்ச இஞ்சி. பிரவுனா இருக்கும். அங்கிளுக்கு அஜீரணம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தானாகவே சேர்த்துக்கொண்டாள். “ரொம்பக் கசக்கும் சார். அங்கிள் இப்படி மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடிப்பாங்க. நாங்க எல்லாரும் சிரிப்போம்.”

மூக்கைப் பிடித்தும் காட்டினாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மஹ்மூத் சார் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கும் பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டும். “கலாஸ், கலாஸ்” என்று, முடிந்தது என்பதை அரபியில் சொல்லி, இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டார். முதல்வரும் சிரித்தார். மேடம் மட்டும் மேஜைமேல் போட்டிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிவேதா நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கினாள். வாசலுக்குப் போகும் வழியில் என் முன்னால் வந்ததும் நின்று, சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.